டி டிரைவில் இருந்த அப்பா

இன்று காலை ஸ்டுடியோவில் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இருக்கிற விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட ஆரம்பித்தேன். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. எந்தப் பகுதியை அழித்து இடம் ஒதுக்கட்டும் என்று திரை கேட்டதும் நிறுத்திவிட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் உன்னை எதிர்க் கடையிலிருந்து கூப்பிடுவேன். திரையில் இருப்பதை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கச் சொல்வாய். முழுவதும் கேட்டுவிட்டு, "மறுக்காப் படி மாப்ள" என்பாய். இன்று நானாகவே இரண்டு தடவை படித்தேன். சரி, அமுக்கு என்று சொல்ல ஆளில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் நமக்கு ஒரே பெஞ்சு. ராசிபுரத்தில் நீ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தாய், நான் எதிரிலேயே போட்டோ ஸ்டுடியோ போட்டேன். சண்டை போடவாவது பக்கத்தில் இருக்கலாமென்று நீதான் இடம் பார்த்துக் கொடுத்தாய். சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடுங்கியது அந்த ஒரு வாரம்தான்.

புதுச்சத்திரம் மண்டபத்தில் எடுத்த கல்யாணம் அது. பெண் வீடு பரமத்தி வேலூர்ப் பக்கம், அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போன மனுஷன் அங்கேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வீடியோ வேலை அப்போது பாதியில் கிடந்தது. எடுத்தது எல்லாம் என் கம்ப்யூட்டரின் டி டிரைவில் மட்டும்தான் இருந்தது. மறுநாளும் வேறொரு முகூர்த்தம் என்பதால் மெமரி கார்டுகளைக் கல்யாணத்தன்று சாயங்காலமே காலி செய்திருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டி டிரைவில் போட்டது போகாது என்பது நம் ஊரில் கோயில் உண்டியல்மேல் வைக்கிற நம்பிக்கை. கம்ப்யூட்டர் படுத்தால் சர்வீஸ்காரன் சி டிரைவைத்தானே அழிப்பான்?

வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்தெல்லாம் வைரஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். லினக்ஸைப் பக்கத்தில் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஐந்து நிமிஷ வேலை என்றாய். உன் ஐந்து நிமிஷம் தெரியுமென்பதால் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். காலியாகக் கிடந்த ஈ டிரைவில் போடு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் அந்தத் திரையில் சி, டி, ஈ என்ற பெயர்களே கிடையாது. வேறு ஏதோ எழுத்தும் எண்ணும் அளவும்தான். டி, ஈ இரண்டும் ஒரே அளவு. நீ ஒன்றைத் தொட்டாய், அது டி.

திரும்பி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பதறிப்போய் மவுஸைப் பிடித்ததும் என் கையைத் தட்டிவிட்டாய்.

"கம்முனு இரு மாப்ள. எதையும் தொடாத. இதுக்கு மேல எதாச்சும் எழுதுனா எல்லாம் போயிரும்."

வயரைப் பிடுங்கி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி உன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாய். மீட்கிற மென்பொருள் அதைத் துழாவத் துழாவ, பெயரில்லாத கோப்புகள் வெறும் எண்களோடு வந்து விழுந்தன. எந்தக் கல்யாணத்துப் படமோ, மூக்கு வரைக்கும் வந்து கீழே வெறும் சாம்பல் நிறமாகிப் போன முகங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாய்.

அந்த நிலையில்தான் அந்தக் கல்யாணப் பெண் தன் புருஷனோடு வந்து நின்றது. அப்பா வருகிற இடங்களை மட்டும் முதலில் பார்க்க வேண்டுமாம். நான் கரெண்ட் இல்லை என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். நீ எதிர்க் கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்தாய்.

"நாந்தானுங்க அழிச்சுப்போட்டேன். தெரியாமப் பண்ணுனதுங்க. தேடிட்டு இருக்கறேன், கெடைக்கும்னு சொல்ல முடியலீங்க."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் அழக்கூட இல்லை. "எங்கப்பா பேசுனது எதாச்சும் கெடைக்குங்களா?" என்று மட்டும் கேட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாண வீடியோவில் பேச்சை நாங்கள் வைப்பதே கிடையாது. சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவோம். டிஸ்க் போகாமலே இருந்தாலும் அந்தக் குரல் என் கையாலேயே போயிருக்கும்.

கடைசியில் கொஞ்சம் தேறியது. தாலி கட்டுவது உடையாமல் வந்தது, ஆனால் அதில் அப்பாவின் தோள்பட்டை மட்டும்தான் ஓரத்தில் தெரிந்தது. நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. இன்னொரு துண்டில் அவர் பந்தி வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "சாப்டீங்களா சாமி? வேலை கெடக்குது, மொதல்ல சாப்புடுங்க" என்கிறார். கேமராக்காரனிடம் பேசுவதை எவனும் வைக்க மாட்டான், முதல் வெட்டு அதற்குத்தான். அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. நீ உள்ளே வரவில்லை, வெளியே படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு முகூர்த்த நாட்களில் கடையைச் சாத்திவிட்டு எனக்கு லைட் பிடிக்க வந்தாய். கூலி வேண்டாம், சாப்பாடு போதும் என்று கேலி பேசிக்கொண்டு வந்தாலும், கெட்டிமேளம் கொட்டும்போது உன் மூச்சு மாறிவிடும். எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கிற நேரத்தில் என் காதோரம், "அப்பா அக்கட்டால நிக்கறாரு, புடி மாப்ள" என்பாய். அந்தப் பக்கம் திருப்புவேன். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் மறந்து ஒரு மனுஷன் நிற்பார். எடுத்த சத்தம் எதையும் நான் இப்போது அழிப்பதில்லை. பாட்டைத் தனியாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

போன ஆடியில் உன்னை நெஞ்சுவலி என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வருகிற தையில் உன் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் பத்திரிகை வைக்க வந்தவள், கிளம்பும்போது, "மாமா, அப்பா இருக்கற வீடியோ ஒன்னாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருக்கும், தேடித் தருகிறேன் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்து பார்த்துவிட்டேன். நீ எதிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால், என் தோளை ஒட்டியே நின்றவன் எப்படி இருப்பாய்? குரல் மட்டும் இருக்கிறது. மேளச் சத்தத்துக்கு நடுவில், ஊரான் பிள்ளைகளின் கல்யாணத்தில் எல்லாம், அப்பாவைப் புடி, அப்பாவைப் புடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். அதையெல்லாம் வெட்டிச் சேர்த்து நகலும் எடுத்து வைத்துவிட்டேன். அப்படியும் இந்தத் திரையில் சரி என்று அமுக்க மனம் வரவில்லை, ரத்து செய்துவிடப் போகிறேன்.

உன் மகள் கல்யாணத்தையும் நான்தான் எடுக்கிறேன். கெட்டிமேளம் கொட்டியதும் நீ சொல்லாமலே என் கை பழக்கத்தில் அப்பா நிற்கிற அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.