வாயில் போட்டுப் பார்த்தது

பிப்ரவரி 3, திங்கள்

காலை: ரொட்டி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று, சர்க்கரை போடாத காபி. மதியம்: சோறு ஒரு கிண்ணம், பருப்பு, கீரை. மாலை: ஆப்பிள் ஒன்று. இரவு: சூப், ரொட்டி ஒன்று. மொத்தம் 1380 கலோரி.

இது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எழுதியது. அதில் நேரம், உணவு, அளவு, கலோரி என்று நாலு கட்டம் இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குக் கட்டம் இல்லை. அதற்குத்தான் இந்த நோட்டு.

விஷயம் இவ்வளவுதான். அக்காவின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றை அவளுக்கு வைக்கலாம், எல்லாம் பொருந்துகிறது என்கிறார்கள். பொருந்தாதது என் எடை மட்டும். எண்பத்தொன்று புள்ளி நாலு. "எழுபத்தி மூணுக்கு வாங்க, அப்புறம் தேதி குறிக்கலாம். இந்த எடையில கத்தி வெச்சா உங்களுக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எட்டு கிலோ நானூறு கிராம். வெங்காயமாக இருந்தால் காபி ஆறுவதற்குள் உரித்துப் போட்டிருப்பேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை கேன்டீனில் பதினாலு வருஷமாகத் தினமும் நானூறு பேருக்குச் சமைக்கிறேன். என் ஒருத்தி சாப்பாட்டை அடக்க முடியாதா?

பிப்ரவரி 8, சனி

வேலை முடிந்து அக்காவைப் பார்க்கப் போனேன். கையில் டயாலிசிஸ் ஊசியோடு சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, "எந்திரி, திரும்பு" என்றாள். முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், கண்ணாலேயே இடுப்பை அளந்துவிடுவாள்.

"அதே நாப்பத்திரெண்டு இஞ்சு."

"அஞ்சு நாள்தான் ஆச்சு!"

"பரீட்சைக்குப் படிக்கறேன்னு உக்காந்து பிஸ்கட் டப்பாவ காலி பண்ணினவ நீ. உனக்கு இதெல்லாம் வராதுடி உருண்டை."

பக்கத்து நாற்காலிக்காரர் வரை சிரித்தார். யாருக்காக இந்தப் பாடு என்று கேட்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் ஒரு பிஸ்கட் தின்றேன். 48. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

81.1. இரண்டு வாரத்தில் முந்நூறு கிராம்.

"அது உன் செருப்பா இருக்கும். கழட்டிட்டு ஏறினியா?" என்கிறார் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எடை என்றால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பேச்சு. என் கண் முன்னால் வறுவல் தின்னாதீங்க என்று சொன்னதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்கிறார். மெல்லும் சத்தம் எனக்குக் கேட்காதா?

பிப்ரவரி 26, புதன்

1390. அவ்வளவுதான். பசிக்கிறது.

மார்ச் 3, திங்கள்

81.6.

ஏறியிருக்கிறது! ஒரு மாதம் நாக்கைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஆப்பிளைக் கூட எடை போட்டுத் தின்று, கடைசியில் ஏறியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கிற டயட்டீஷியன் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எழுதறீங்களா ஆன்ட்டி?"

"ஒண்ணு விடாம."

"நடுவுல ஏதாச்சும் கொறிக்கறது?"

"கிடையாது."

"இதுல இருக்கறதுதான் நீங்க சாப்பிடறதுன்னா எடை குறைஞ்சே ஆகணுமே. எங்கேயோ இடிக்குதே."

"எங்கே இடிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தானே நீ இங்க உக்காந்திருக்கே?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. சிவக்கட்டும். என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டாள் அல்லவா.

மார்ச் 4, செவ்வாய்

தாளில் எழுதவில்லை. எழுதிக் கிழித்தது போதும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆறு நாளாகத் தாள் காலி. குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன்.

அவர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். "உன்னால முடியலன்னு அக்காகிட்ட நான் வேணா சொல்லட்டுமா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கேட்டார். அதுதான் தாங்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

காலண்டரை எடுத்துவிட்டேன். இரவு: சூப், ரொட்டி ஒன்று. 240.

மார்ச் 22, சனி

அக்காவின் கையில் ஊசி குத்துகிற நரம்பு அடைத்துக்கொண்டதாம். இப்போது கழுத்தில் குழாய் போட்டு அது வழியாக டயாலிசிஸ். குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, கிருமி தொற்றிவிடும், ஆபரேஷனை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது என்றார் நர்ஸ். சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

அக்கா இன்றைக்கு என்னை எழுந்து திரும்பச் சொல்லவில்லை.

"நிஜமா எல்லாத்தையும் எழுதறியா?"

"சத்தியமா அக்கா."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

81.2. என்னதான் செய்யட்டும்? இதற்கு மேல் எதை நிறுத்துவது?

ஏப்ரல் 2, புதன்

கேன்டீன் மேனேஜர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மர ஸ்பூன், ஐஸ்கிரீமுக்குத் தருவார்களே அந்த மாதிரி. ஆயிரக்கணக்கில்.

"மேலிடத்து உத்தரவு. உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாக்கறதெல்லாம் இனிமே கூடாது. ஒரு தடவை ருசி பார்த்தா ஒரு ஸ்பூன். உடனே இந்த பக்கெட்டுல போட்டுடணும். சுத்தம் முக்கியம்."

பதினாலு வருஷமாக என் உள்ளங்கையால் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்திருக்கிறதா? கேட்டேன். அவர் பக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். இருக்கிற எரிச்சல் போதாதென்று இது வேறு.

ஏப்ரல் 3, வியாழன்

நிதானமாக எழுதுகிறேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற அம்மா பக்கெட்டைத் தூக்கினாள். "இன்னிக்கு விருந்தாளிங்க யாராச்சும் வந்தாங்களா? இத்தனை ஸ்பூன் கெடக்கு?"

யாரும் வரவில்லை. என் அடுப்படியில் வேறு யாரையும் ருசி பார்க்க நான் விட்டதே இல்லை. பதினாலு வருஷமாக அங்கே ஒரே நாக்கு, என் நாக்கு. அதில் எனக்குப் பெருமை.

பக்கெட்டைத் தரையில் கொட்டி எண்ணினேன். எழுபத்திரண்டு.

பட்டாணி சூப்பில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தராசில் வைத்தேன். பிறகு கோழி, உருளைக்கிழங்கு மசியல், பாயசம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஸ்பூனுக்கு ஒன்பது கலோரி. எழுபத்திரண்டு ஒன்பது அறுநூற்று நாற்பத்தெட்டு. தினமும். தாளில் ஒரு எழுத்து இல்லாமல்.

நான் பொய் எழுதவில்லை. சத்தியமாக இல்லை. ருசி பார்ப்பது சாப்பிடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது வேலை. அக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தைப்பாளே, ஊசி தின்றாள் என்றா சொல்வோம்?

ஆனால் இரண்டு மாதம். கழுத்தில் குழாயோடு ஒருத்தி கிடக்கிறாள். நான் நின்றபடியே தினம் ஒரு வேளைச் சாப்பாடு அதிகமாகத் தின்றுவிட்டு, எடை மெஷினைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், அந்தப் பெண்ணைத் திட்டினேன். வெட்கமாக இருக்கிறது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

டயட்டீஷியன் பெண்ணுக்குப் போன் செய்தேன். "மன்னிச்சுக்கம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுபத்திரெண்டா?"

"ஆமா."

"ஆன்ட்டி, நீங்க சாக்லேட் ஒளிச்சு வெச்சு சாப்பிடறீங்கன்னு நெனச்சேன். நீங்களும் மன்னிச்சுக்குங்க" என்றாள். நல்ல பெண்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்றிலிருந்து வாயில் ஒன்றும் போடுவதில்லை. நேற்று சூப்பில் உப்பே இல்லை. இன்று அளவுக்கு மீறிவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார். "என்னாச்சும்மா உங்களுக்கு? எல்லாரும் தண்ணியக் குடிச்சே வயித்த ரொப்பிட்டுப் போறாங்க!" என் பதினாலு வருஷத்தில் தட்டு திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. சோற்றுக் குண்டானுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

வாயில் போட்டுத் துப்பியும் பார்த்தேன். தொண்டையில் இறங்காமல் எனக்கு ருசி தெரியவில்லை. நாக்கு மட்டும் பாதி வேலைதான் செய்கிறது போலிருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

வழி ஒன்று பிடித்திருக்கிறேன். பிடிக்கவே பிடிக்காத வழி.

கேன்டீனில் சுற்றிச் சுற்றி வருவது ஒன்பது சமையல். ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரே ஒரு தடவை என் பழைய முறையில் சமைத்தேன். அடுப்பை மூட்டும் முன் உப்பு டப்பாவை எடை போட்டேன், இறக்கிய பிறகு மறுபடி போட்டேன். மிளகுத்தூளும் அப்படியே. ஒன்பது வேலை நாள். இப்போது எல்லாம் கிராம் கணக்கில் சுவரில் ஒட்டியிருக்கிறது. இனிமேல் அளந்து கொட்டுவது, பாத்திரத்துக்கு ஒரே ஸ்பூன். நாலு பாத்திரம், நாலு ஸ்பூன், 36. தாளில் எழுதியாகிவிட்டது.

அளந்து போட்டுச் சமைக்கிறவர்களை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்.

ஏப்ரல் 30, புதன்

ஒரு வாரமாக அளந்த சாப்பாடு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தருக்குக் கூட. "இன்னிக்கு கோழி பிரமாதம்" என்றார் மேனேஜர். அப்படியானால் இத்தனை வருஷம் என் நாக்கு என்ன செய்துகொண்டிருந்தது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே எரிச்சல்.

79.3. அதையும் சொல்ல வேண்டும்.

மே 19, திங்கள்

77. பசி காதை அடைக்கிறது. ஒரு ஸ்பூனுக்கு மேல் கை தானாகப் போகிறது, மற்றக் கையால் பிடித்து இழுக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

அக்காவோடு பெரிய சண்டை.

"போதும்டி, நிறுத்திடு. மூஞ்சியே வத்திப் போச்சு. எனக்கு வேணாம், நான் டயாலிசிஸ் மெஷின்லயே காலத்த ஓட்டிக்கறேன்."

"இப்ப வந்து வேணாம்னு சொல்றியா? எழுபத்தஞ்சுக்கு வந்திருக்கேன்! நாலு மாசமா நாயா அலையறேன், உனக்கு வேணாமா?" கத்திவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தார்.

அவர் போன பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: "பயமா இருக்குடி. எனக்காக உன்ன அறுத்து, உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குப் பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவளைப் போல என்னைக் கேலி செய்கிறவள் உலகத்தில் இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாது, வாயை மூடு" என்றேன். எனக்கும் பயம்தான். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

73.4. நானூறு கிராம்! மொட்டை அடித்துக்கொள்ளட்டுமா டாக்டர் என்று கேட்டேன். "ரெண்டு வாரம் பொறுங்க" என்கிறார். அங்கே அக்காவுக்குக் குழாய் போட்ட இடத்தில் காய்ச்சல் கண்டிருக்கிறது. பொறுங்களாம்.

ஜூலை 21, திங்கள்

72.8. டயட்டீஷியன் பெண் நம்பாமல் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னாள். மூன்று தடவையும் அதே. அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆகஸ்ட் 12 என்று குறித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வார்டில் படுக்கை கொடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாதாம். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். எதையும் தின்னவில்லை. கண்ணைத் துடைக்கிறார்.

ஆகஸ்ட் 16, சனி

இன்றுதான் பேனாவைப் பிடிக்க முடிந்தது. இடது பக்கம் தையல் இழுக்கிறது. எனக்குக் கஞ்சி, பாதி கிண்ணம்.

அக்கா அடுத்த வார்டில். நேற்று வரை அவளுக்கு நீராகாரம்தான். காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே, "உங்கக்கா அங்க நர்ஸோட ஒரே சண்ட" என்றார். எழுந்திருக்கப் பார்த்தேன். என்ன சண்டை என்றால், சாப்பாட்டுக்காம். சிறுநீரகம் போனதிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தட்டைப் பார்த்தாலே குமட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டவள். நான் எத்தனை செய்து கொண்டுபோயிருப்பேன், ஒரு வாய்க்கு மேல் இறங்காது.

தாளில் என் சாப்பாட்டை எழுதவில்லை. கீழே இருந்த கட்டத்தில் இதை எழுதினேன்.

அக்கா. காலை: ரொட்டி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று. இன்னொரு முட்டை கேட்டாளாம், தரவில்லையாம். இன்னும் பசிக்கிறதாம்.