சொல்லாமல் வந்த சோதனை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு. நேற்று உன் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து ஆட்கள் நம் சாயப்பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். போன வாரம் நீயே வந்து, நாங்கள் ஆற்றில் விடும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாய். என் கையால் டீயும் குடித்துவிட்டுத்தான் போனாய்.

வாய்க்காலில் சிவப்பாகத்தான் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற பட்டறைகளுக்கெல்லாம் முதல் நாளே கடிதம் வந்ததாமே? சாயத்தை நிறுத்தி, வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். "தபால்ல தவறியிருக்கும். உன் தம்பி அப்படிச் செய்யமாட்டான்" என்கிறார் மாமா. தவறியதுதானே?

உன் அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

தவறவில்லை. நான்தான் அனுப்பவில்லை. முன்கூட்டிச் சொல்வது எங்கள் அலுவலக வழக்கம். ஆனால் உங்களுக்கும் சொல்லி, நீங்களும் தப்பித்திருந்தால், "தம்பிக்காரன் காதைக் கடிச்சுட்டான்" என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன். அதனால் உங்கள் ஒரு பட்டறைக்கு மட்டும் சொல்லாமல் வந்தேன். அதை நேர்மை என்றுதான் நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது: ஆறும் சுத்தமாகவில்லை, மாட்டியது நீங்கள் மட்டும்.

மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, இனி யாருக்கும் முன்னறிவிப்பு கிடையாது என்று உத்தரவு வாங்கிவிட்டேன். சுத்திகரிப்புத் தொட்டி கட்டினால் சீலை எடுக்கலாம். நானே கூட நின்று கட்டித் தருகிறேன், அக்கா.

உங்கள் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இனி எதற்குத் தொட்டி? பட்டறையைச் சீலோடு அப்படியே விற்றாயிற்று. மாமா பக்கத்துப் பட்டறையில் கூலிக்குத் துணி முக்குகிறார். வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டாரே, அந்த மகராசனிடம்தான்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அப்போ தபால்ல தவறலையா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

பட்டறை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊர் வாய்க்குப் பயந்தாயே, என் முகத்தை நினைத்துப் பார்த்தாயா?

அக்கா

நவம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதியதற்கெல்லாம் பதில் இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். எல்லாப் பட்டறைக்கும் சொல்லாமல் போனோம். வேறு வழியில்லாமல் எல்லாரும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்கள்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுப் படிக்கட்டில் தண்ணீர் பிடித்தேன். பாட்டிலுக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது! ஓடிவந்து உங்களிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. கதவுவரை வந்தேன். தட்டக் கை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?

உங்கள் தம்பி

நவம்பர் 24

தம்பிக்கு,

நீ வந்து நின்றது தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொம்ப இளைத்துவிட்டாய். கதவைத் திறக்க எழுந்தேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரே என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். விரல் நீளத்துக்குக் குட்டி மீன்கள், கூட்டமாக. சாயம் ஏறிப்போன அந்தக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "உன் தம்பிக்கு எழுதிடு. சந்தோஷப்படுவான்" என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தண்ணீர் பிடிக்க எப்போது வேண்டுமானாலும் வா, யாரிடமும் கேட்க வேண்டாம். வீட்டுக்கு மட்டும் வராதே, கண்ணா. மாமா உன்னைத் திட்டமாட்டார். டீ போடு என்பார். அதை என்னால் தாங்க முடியாது.

அக்கா