அகல்யாவின் கட்டத்தில் எண்பத்தெட்டு

ஆரணி,
12.11.2024

மதிப்பிற்குரிய திரு. மணவாளன் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் மகள் அகல்யாவின் நான்காம் வகுப்பு ஆசிரியை தேவிப்ரியா. நீங்கள் தொட்டபள்ளாபுரத்துக்கு விசைத்தறி வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்று உங்கள் நண்பர் ராஜ்குமார் சொன்னார். இந்த முகவரியும் அவர் கொடுத்ததுதான். ஆரணியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் நீங்கள் எடுப்பதில்லையாம். நானும் ஒன்பது முறை முயன்று பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பயப்படாமல் படியுங்கள். அகல்யா வீட்டில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள். ஆனால் அவளுடைய இதயத்தில் ஒரு குறை இருப்பது போன வாரம் தெரியவந்தது.

எங்கள் பள்ளியில் உடலைப் பற்றிய பாடத்தை வெறுமனே ஒப்பிக்க விடுவதில்லை. பாட்டிலுக்குள் பலூன் கட்டி நுரையீரல் செய்வோம். பழைய காலுறைக்குள் ஊறவைத்த ரொட்டியைப் போட்டுப் பிசைந்து, குடல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாடித்துடிப்புக்கும் ஒரு சின்ன வித்தை உண்டு. மணிக்கட்டில் பட்டாணி அளவு சப்பாத்தி மாவை ஒட்டி, அதில் ஒரு தீக்குச்சியைச் செருகினால், ஒவ்வொரு துடிப்புக்கும் குச்சி தலையாட்டும். நிமிடத்துக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ண வேண்டும். பிறகு முப்பது முறை குதித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். வியாழக்கிழமை அப்படிக் குதிக்கும்போதுதான் அகல்யா மயங்கி விழுந்தாள். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர்கள் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள்.

இதயத்தின் மேல் அறை கொடுக்கும் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லையாம். கீழ் அறை தன்னிஷ்டத்துக்கு மெதுவாகத் துடிக்கிறது, சில நேரம் நின்று நின்று துடிக்கிறது. பிறவியிலேயே இருந்திருக்கும் என்கிறார்கள். தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்தால் மற்ற குழந்தைகளைப் போல ஓடி ஆடலாம். காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லை. வரும் 25ஆம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் மனைவி எழிலரசி கையெழுத்துப் போட மறுத்து, ஞாயிறன்றே குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து எடுத்துச் சொன்னால் கேட்பார்.

பாடத்தைச் செய்முறையாக நடத்தியதால்தான் இது வெளியே வந்தது, இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று எங்கள் தலைமையாசிரியர் ஜீவானந்தம் சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உரிய நேரத்தில் கண்டுபிடித்தோம் என்ற ஆறுதலோடு, விரைவில் வருவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் நலம் நாடும்,
ம. தேவிப்ரியா, வகுப்பாசிரியை


ஆரணி,
20.11.2024

திரு. மணவாளன் அவர்களுக்கு,

என் முதல் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ராஜ்குமாரைக் கூப்பிட்டுப் பேசியதை அவர் பள்ளி வாசலில் நின்று என்னிடம் அப்படியே சொன்னார். "டீச்சரே கண்டுபுடிச்சிருக்காங்க, அவங்களே பாத்துக்குவாங்க, நான் வந்துகினு இன்னா கிழிக்கப் போறேன்" என்றீர்களாம்.

நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டதுதான் பெரிய பொய். அதை நம்பி நீங்கள் அங்கேயே இருந்துவிட்டீர்கள். முழுவதையும் இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில், வீட்டில் நாடியை எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே தப்பைச் செய்வார்கள். தறிக்குப் பக்கத்தில் தரையில் கையை வைத்துக்கொண்டு எண்ணுவார்கள். நெய்யும்போது தறியின் பலகை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், தீக்குச்சியும் ஆடும். நாடியை விட்டுவிட்டுத் தறியை எண்ணிக்கொண்டு வந்து நிற்பார்கள். நாற்பது, நாற்பத்தைந்து என்று எண் வந்தால் நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன், இது உன் நாடி இல்லை, உங்கப்பன் தறி என்று. வகுப்பே சிரிக்கும். எனக்கும் அதில் ஒரு பெருமை.

அகல்யா நாற்பத்து நான்கு என்று எழுதிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல அதையே சொன்னேன், அப்பன் என்பதற்குப் பதில் அம்மா என்று மட்டும் மாற்றி. அவள் உட்காரவில்லை. "இல்ல டீச்சர், அது நடு நடுவுல நின்னுடுது" என்றாள். இழை அறுந்திருக்கும்டி, உங்கம்மா முடி போடத் தறியை நிறுத்தியிருப்பாங்க என்றேன். மறுபடி சிரிப்பு. "அம்மா அப்ப தறியில இல்ல டீச்சர், தண்ணி புடிக்கப் போயிருந்தாங்க" என்றாள். இதை அவள் சொன்னாள். என் காதில் விழுந்தது. எழிலரசி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தால் தறி எப்படி அடிக்கும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலர் வருவதாக இருந்தது, சுவரில் ஒட்ட அட்டவணை முடிக்க வேண்டியிருந்தது.

எல்லோருடைய எண்ணும் எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குள் அழகாக வந்திருந்தது. அகல்யாவுடையது மட்டும் உதைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதயாவின் எண்ணைப் பார்த்து, அகல்யாவின் கட்டத்தில் எண்பத்தெட்டு என்று நானே என் கையால் பச்சை ஸ்கெட்சில் எழுதினேன். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வந்த அலுவலர் அட்டவணையைப் பாராட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் முப்பது முறை குதிக்கச் சொன்னேன். நாற்பத்து நான்கு என்று வந்து சொன்ன குழந்தையைக் குதிக்கச் சொன்னேன்.

இது எழிலரசிக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அகல்யாவே சொல்லியிருக்கிறாள். கையெழுத்துப் போடுங்கள் என்று நான் கெஞ்சியபோது அவர் கத்தவில்லை. "அன்னைக்குத் தறின்னு சொன்னீங்க. இன்னைக்கு நெஞ்சுன்னு சொல்றீங்க. நாளைக்கு இன்னான்னு சொல்வீங்க டீச்சர்?" என்றார். டாக்டர் வந்து பேசியபோதும் அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற என்னைத்தான் பார்த்தார். படித்தவர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவர் வந்ததற்கு நானே காரணம்.

நான்கு நாளாகத் தினமும் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உள்ளே விடுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், பேச்சு மட்டும் இல்லை. தறியை நிறுத்திவிட்டார். தெரு முழுக்கத் தறிச் சத்தம், உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தறியில் ஏற்றிய பாவு நூல் பாதி நெய்தபடி அப்படியே கிடக்கிறது. அவர் நாள் முழுக்கப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கணக்கு தவறும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ணுகிறார். அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு, "அவரு வந்து பாத்துட்டு சொல்லட்டும், கையெழுத்து போடறேன்" என்றாராம். உங்கள் இருவருக்கும் என்ன சண்டை என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்றைக்கு அவர் நம்பத் தயாராக இருப்பது உங்கள் ஒருவரை மட்டும்தான்.

டாக்டர் நேற்று எனக்குப் போன் செய்தார். துடிப்பு இப்படி நின்று நின்று வந்தால், அடுத்த முறை விழுபவள் எழுந்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்றார். தூக்கத்திலும் நடக்கலாமாம். போனை வைத்துவிட்டு வகுப்பிலேயே அழுதேன். பிள்ளைகள் பார்த்தார்கள்.

நானே கிளம்பி உங்களிடம் வந்திருப்பேன். ஆனால் காலையும் மாலையும் உங்கள் தெரு முனையில் ஒரு ஆட்டோவைச் சொல்லி வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டும். ஜீவானந்தம் சார் என்னை வட்டார அறிவியல் கண்காட்சியில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். இன்று காலை அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். முகம் கறுத்துவிட்டது. அந்த அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, நான் கிழிக்கவில்லை. இந்தக் கடிதமும் உங்கள் கையில் இருக்கிறது. என் மேல் புகார் கொடுக்க வேறு எதுவும் தேவைப்படாது. கொடுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் முதலில் பஸ் ஏறுங்கள்.

நேற்று மாலை எழிலரசி அடுப்படிக்குப் போன நேரத்தில் அகல்யா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மணிக்கட்டில் மாவை ஒட்டித் தீக்குச்சி செருகியிருந்தாள். "டீச்சர், இப்பதான் தறி ஓடலையே, இப்ப எண்ணுனா கரெக்டா இருக்கும்ல?" என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து எண்ணினோம். குச்சி ஆடும், பிறகு சும்மா நிற்கும். நாற்பத்தொன்று வந்தது. "அன்னிக்கு இத்தவிட மூணு ஜாஸ்தி டீச்சர்" என்றாள். அன்றைக்கும் நீ சரியாகத்தான் எண்ணினாய், டீச்சர்தான் தப்பு என்றேன். உடனே அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போ அப்பாவுக்கு எழுதும்போது இந்த நாற்பத்தொன்றையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இது விரைவு அஞ்சலில் வருகிறது, வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். ஞாயிறு வரை காத்திருந்து ராஜ்குமாரைக் கூப்பிடாதீர்கள். படித்த உடனே கிளம்பினால் சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். நேராக உள்ளே போய் மகளின் கையை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அவள் எண்ணுவாள், நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும். அவள் சொல்வதை நம்புங்கள்.

அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் எண்ணை மாற்றி எழுதிய,
தேவிப்ரியா