இருபத்திரண்டாம் தேதி காலை

பாலவாக்கம் குப்பம்,
12 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மேகலா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். இந்தக் கடிதத்தைப் பிரித்து முதலில் படிக்கப்போகும் உங்கள் மடத்து மதர் அவர்களுக்கும் என் வணக்கம். மதர், கையெழுத்து புரியாவிட்டால் அக்காவிடமே கொடுத்துவிடுங்கள், அவளுக்குப் பழக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு மாதம் ஆகிறது, இவள் ஒரு வரி எழுதவில்லையே என்று கோபமாக இருப்பாய். எழுதும்படி ஒன்றும் இல்லை. கணக்குப்பதிவியலில் போய்விட்டது. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க், நம்பமாட்டாய், ஆங்கிலத்தில்கூட. கடைசிக் கணக்கு டேலி ஆகவில்லை. அதை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போயிருக்க வேண்டும். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. மணி அடிக்கும்வரை அதையே கட்டிக்கொண்டு மாரடித்தேன்.

மாதக் கடைசியில் துணைத்தேர்வு எழுதுகிறேன். தேறினாலும் அதற்குள் கல்லூரிகளில் எல்லா இடமும் நிரம்பிவிடும் என்கிறார்கள். அம்மா அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. தி.நகரில் ஜவுளிக்கடை சூப்பர்வைசராக இருக்கும் கனகராஜ் மாமாவிடம் பேசிவிட்டாள். ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுக்கிறார்களாம். "நிக்கிற வேலதானே, காலு இன்னா தேஞ்சா பூடும்?" என்கிறாள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அடையாறு முழுக்க நடக்கிறவளிடம் கால்வலியைப் பற்றி என்ன பேசுவது? ஒன்று மட்டும் சொன்னேன். தேறியும் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை என்றால் போகிறேன், அதுவரை என்னை விடு என்று.

நீ இருந்திருந்தால் அம்மாவிடம் நீ பேசியிருப்பாய். நீ மடத்துக்குப் போன நாளிலிருந்து உன் பாயை விரித்துத்தான் படுக்கிறேன். என் பாய் கிழிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கிழியவில்லை.

உன்
மேகலா


ஏற்காடு,
20 ஜூன் 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை மேகலாவுக்கு,

"போய்விட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். எத்தனை வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய் என்று அம்மாவைத்தான் கேட்கவேண்டும். எழுது, தேறுவாய். கணக்கு வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பு. இதை மட்டும் எனக்காகச் செய்.

மதர் உன் கடிதத்தைப் படிப்பதில்லை. விதிப்படி உறையைப் பிரிப்பார், பிறகு அப்படியே என் கையில் கொடுத்துவிடுவார். உன் வணக்கத்தை நான்தான் சொன்னேன். "பொல்லாத பெண்ணாக இருப்பாள் போலிருக்கிறதே" என்று சிரித்தார்.

இப்போது என் செய்தி. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, மாதா அரசியின் திருநாளன்று, எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றுதான் நான் இந்தச் சபைக்கு என்னைக் கொடுக்கிறேன். அதுவரை யார் வேண்டுமானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். மதரே வாரம் ஒருமுறை அதைச் சொல்கிறார். வார்த்தைப்பாட்டுக்கு மறுநாள் என்னை ஜார்க்கண்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வர விடுமுறை மூன்று வருஷம் கழித்துத்தான்.

அதனால் அன்று ஒரு நாள்தான் உங்களை எல்லாம் பார்க்க முடியும். நீ கட்டாயம் வரவேண்டும். நீ எவ்வளவு உயரமாகிவிட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா சொல்வதை நம்ப முடியாது.

என் பாயை நீயே வைத்துக்கொள்.

அன்பு அக்கா,
ஆஷா


பாலவாக்கம் குப்பம்,
26 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேறிவிட்டேன். நேற்று ரிசல்ட். நீ சொன்னபடி ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். மனசே வரவில்லை, ஆனாலும் திருப்பினேன்.

இன்று காலையிலேயே ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடையாறில் இரண்டு கல்லூரி, சாந்தோமில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று. முதல் மூன்றில் கேட்டைத் தாண்டவே விடவில்லை. "இப்ப வந்து கீறியேம்மா, கிளாஸ் ஆரம்பிச்சே எத்தினி நாளாவுது" என்று ஒரு வாட்ச்மேன் எனக்காகவே வருத்தப்பட்டார். நல்ல மனுஷர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே பெண்கள் கும்பலாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வயசுதான். அவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மயிலாப்பூர் கல்லூரியில் மட்டும் பெயரை எழுதிக்கொண்டார்கள். சேர்ந்துவிட்டு விலகிப் போனவர்களின் இடங்களை ஆகஸ்டில் ஒரு நாள் நிரப்புவார்களாம். எந்த நாள் என்று பிறகு சொல்வார்களாம். ஆபீஸ் மேடம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "ஆசையை ரொம்ப வளர்த்துக்காதே, கொஞ்சம் இடம்தான் இருக்கு" என்றார். வளர்த்துக்கொண்டுதான் வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் மாதிரியே ஒருத்தி. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நீலாங்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

உன்
மேகலா


பாலவாக்கம் குப்பம்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாள் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் இருபத்திரண்டு, காலை ஒன்பதரை மணி. மார்க் வரிசையில் பெயரைக் கூப்பிடுவார்கள். அசல் சான்றிதழோடு ஆள் நேரில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அடுத்த பெயர். வேறு நாள் கிடையாதா என்று கேட்டேன். "உனக்காக ஒரு நாள், இன்னொருத்திக்காக ஒரு நாளா?" என்று கேட்டார்கள். நியாயம்தான்.

அப்பாவிடம் சொன்னேன். வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "ரெண்டும் உன் இஷ்டம் பாப்பா" என்றார். அம்மாதான் கத்தினாள். "படிப்பு இல்லாங்காட்டி கடை கீது. அக்காவ எந்தக் கடையில போய்ப் பாப்ப?" என்றாள். அவள் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இடம் போனால் போகட்டும். நான் ஏற்காட்டுக்கு வருகிறேன்.

மதர் படிப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பூசை பார்த்துவிட்டுக் கேக் சாப்பிட வரவில்லை. பூசைக்கு முன்னால் உன் கையைப் பிடித்து, "வாக்கா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிடத்தான் வருகிறேன். அதுவரை போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று நீதானே எழுதினாய். நீ வந்தால் நான் ஜவுளிக்கடையில் காலம் முழுக்க நிற்பேன், முகம் சுளிக்கமாட்டேன்.

கூப்பிட்டால் வருவாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்
மேகலா


ஏற்காடு,
16 ஆகஸ்ட் 2025

இயேசுவுக்கே புகழ்.

மேகலா,

விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், உன் கைக்கு நேரத்தோடு வரவேண்டும்.

கூப்பிட்டால் வருவேன். அதனால்தான் சொல்கிறேன், வராதே.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். இது உன்னைச் சமாதானப்படுத்த எழுதுவது இல்லை. காலை ஜெபத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. இங்கேதான் இருக்கவேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. சாப்பாட்டு மேஜையில் மீன் வைத்தால் அம்மாவின் கூடை ஞாபகம் வந்து பாதியில் எழுந்துவிடுவதும் உண்மைதான். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டேன்.

ஆனால் நீ கோயில் வாசலில் வந்து நின்றால் நான் பலிபீடத்தைப் பார்க்கமாட்டேன், உன்னைத்தான் பார்ப்பேன். நீ கையைப் பிடித்தால் வந்துவிடுவேன். வந்து, நாலு நாள் உன்னோடு சிரித்துவிட்டு, பிறகு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் இவளால்தானே என்று நினைக்க ஆரம்பிப்பேன். அது வேண்டாம் மேகலா. உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

நீ கல்லூரியில் நிற்கிறாய், உன் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தால் என்னாலும் இங்கே நிற்க முடியும். அப்பா அம்மாவை மட்டும் அனுப்பு. முன்பு கட்டாயம் வா என்று எழுதினேன். இப்போது கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

ஆஷா


பாலவாக்கம் குப்பம்,
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் சிஸ்டர் ஆஷா என்று எழுதிவிட்டேன். உள்ளே எழுத வரவில்லை.

இடம் கிடைத்துவிட்டது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பி.காம் இல்லை. பி.ஏ. பொருளாதாரம், மதிய ஷிஃப்ட். அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் நீ அம்மாவோடு சண்டைக்கு வருவாய், ஆனாலும் சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். கூப்பிட்டால் வருவேன் என்று எழுதிவிட்டு வராதே என்று எழுதினால் நான் என்னதான் செய்வது? நீ எழுதியதில் நியாயமே இல்லை. ஆனாலும் இருபத்தொன்றாம் தேதி அப்பாவையும் அம்மாவையும் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஃபைலைத் திறந்தால் டி.சி. இல்லை, மார்க் ஷீட் இல்லை. வெறும் ஜெராக்ஸ்தான் இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. "மாதா கோயில் விண்ணப்பப் பெட்டியில போட்டுட்டு வந்தேண்டி. உனக்கு எடம் கெடைக்கணும்ல" என்றாள். அசலையா போட்டாய் என்றேன். "பின்ன? புது படகு வாங்குனா அசல் பேப்பரத்தானே மாதா காலாண்ட வெக்கிறோம். ஜெராக்ஸ வெச்சா மாதா இன்னா நெனப்பாங்க?" படகுப் பேப்பரை வைத்துவிட்டு உடனே எடுத்துவிடுவோம், இவள் பூட்டிய பெட்டிக்குள் போட்டுவிட்டாள். இன்றைக்குத்தான் அது வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்கா, எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பொன்ராஜ், "சனிக்கிழமை நவநாள் ஜெபத்துக்குத்தான் தொறப்போம். சாவி ஃபாதராண்ட கீது, அவர் வராம நான் பெட்டியத் தொடமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஃபாதர் அடையாறில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தார். அவர் வந்து பெட்டியைத் திறந்ததும், குழந்தை வேண்டும், கடன் தீரவேண்டும் என்ற சீட்டுகளுக்கு நடுவில் என் டி.சி. கிடந்தது. எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். பி.காம் நிரம்பிவிட்டது. மீதி பார்க்கலாம், உட்காரு என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வராந்தாவில் நின்றேன். உன் பூசை பதினோரு மணிக்கு. இன்னும் நேரம் இருந்தது. நீ எனக்காகத்தானே வராதே என்றாய், அந்த இடமே போய்விட்டதே, இனிமேல் கூப்பிட்டால் என்ன தப்பு என்று தோன்றியது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பக்கத்துலதான் நிக்கிறா பாப்பா. குடுக்கவா?" என்றார்.

பின்னால் உன் குரல் கேட்டது. யாருக்கோ நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தாய். இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். கொஞ்சம்கூட மாறவில்லை, அதே அதிகாரம். நீ அவசரப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. உன் வீட்டில் நிற்பவள்போல நின்றுகொண்டிருந்தாய்.

"வேணாம்ப்பா" என்றேன். "எப்படிக் கீறா?" என்று கேட்டேன். அப்பா, "நல்லா கீறாம்மா" என்றார். வைத்துவிட்டேன்.

பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் புஷ்ரா என்று ஒரு பெண், ராயப்பேட்டைக்காரி, அவளும் துணைத்தேர்வுதான். அவள் பிஸ்கட்டில் பாதி கொடுத்தாள். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் வேறு கல்லூரியில் இடம் கிடைத்த இரண்டு பேர் தங்கள் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று புஷ்ராவுக்கு, ஒன்று எனக்கு.

ஆபீஸில் சுப்புலக்ஷ்மி மேடம் என்று ஒருவர், போன மாதம் ஆசையை வளர்த்துக்காதே என்றவர்தான். பெற்றோர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

"ஆத்துல பெரியவா யாரும் வரலியா?"

அவரிடம் வார்த்தைப்பாடு, சபை என்றெல்லாம் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்காவுக்குக் கல்யாணம் மேடம். எல்லாரும் அங்க போயிருக்காங்க" என்றேன்.

"கூடப் பொறந்த அக்காவா? எந்த ஊர்ல கொடுத்திருக்கா?"

"ஜார்க்கண்ட் மேடம்."

"அவ்ளோ தூரமா. அப்போ நீ போகாம இங்க உக்காந்துண்டிருக்கியே, கொழந்தே?"

"நான் போனா அவ என்கூட வந்துடுவா மேடம்."

அவர் பேனாவை மூடினார். திங்கட்கிழமை அப்பாவை அழைத்துவரச் சொன்னார். மாடியிலிருந்து இறங்கும்போதுதான் அழுகை வந்தது, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புஷ்ரா இடம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நேற்று அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். நாளை பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை, நாளை மறுநாள் மதியம் முதல் வகுப்பு.

கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய். அது தெரிந்ததே எனக்குப் போதும் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். போதவில்லை, அக்கா.

உன்
மேகலா