பிப்ரவரிக்கு வந்த நானூற்றுப் பதினாறு ரூபாய்

கோவளம்
4-4-1998

அன்பு மகள் ராபியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரயானும் அதைவிடச் சுகமாக இருக்க துஆ கேட்கிறோம். உங்கள் ஊரில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார், பாவமாக இருந்தது, நாட்டுக்குச் சேவை செய்ய ஒரு வாய்ப்புகூட இல்லாமல் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ. எனக்கு அந்தக் குறை இல்லை. சம்பளக் கமிஷன் புண்ணியத்தில் இரண்டு வருடத்துப் பென்ஷன் நிலுவை மொத்தமாக வந்து, அதில் மாடிக்குத் தளம் போட்டது உனக்குத் தெரியும். அவ்வளவும் இந்த ஒரே வருடத்தில் நான் சம்பாதித்தது என்று பாங்கில் முடிவு செய்து, திடீர்ப் பணக்காரனான எனக்கு வரி போக பிப்ரவரி பென்ஷனாக நானூற்றுப் பதினாறு ரூபாய் போட்டிருந்தார்கள். உன் அம்மா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் ஊரார் சம்பளத்துல புடிச்சிகினு இருந்தீங்களே, இப்ப எப்டி கீது" என்று கேட்டாள். ஆறுதல் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மறுநாளே பஸ் பிடித்து கல்பாக்கம் போனேன். பாங்கில் ஸ்ரீதேவி என்று ஒரு பெண், ரயானுக்கு அக்கா மாதிரி இருக்கிறாள், "ரூல் அப்படி சார்" என்றாள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து நான் எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை, கேட்கிற பக்கம் நின்றால்தான் அதன் இனிமை தெரிகிறது. வரிசையில் எனக்குப் பின்னால் மோசஸ் நின்றார், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். 91-ல் அவருக்கு மூன்று வருடத்துப் பிரமோஷன் நிலுவை சேர்ந்து வந்தபோது இதே போல பிப்ரவரிச் சம்பளத்தை நான்தான் வழித்து எடுத்தேன், அந்த மாதம் அவர் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. நிலுவையை அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் காட்டி வரியைக் குறைக்க ஒரு பாரம் உண்டு, அது என் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஒருவருக்குச் சொன்னால் நானூறு பேருக்குக் கணக்குப் போட வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மையான அதிகாரி உன் அத்தா.

இப்போது அதே பாரத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மோசஸ் பென்ஷன்காரர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்னை பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாக விளக்கி அவரே நிரப்பினார், நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தலையாட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் தாங்க முடியாமல், மோசஸ், இது எனக்கு அப்பவே தெரியும் என்றேன். அவர் நிமிரவில்லை. "தெரியும் பாய், கையெழுத்து இங்க போடுங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில் போட்டேன்.

பிடித்தது முழுக்க மார்ச் பென்ஷனோடு திரும்ப வந்துவிட்டது, நீ பணம் ஏதும் அனுப்பாதே. வெயிலில் ரயானை வெளியே விடாதே. இது உன் கைக்கு வரும்போது பக்ரீத் முடிந்திருக்கும், மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

முக்கியமாக ஒன்று. மோசஸின் மகள் பிரதீபா நர்ஸ் வேலைக்காக வருகிற இருபதாம் தேதி மஸ்கட் வருகிறாள், அங்கே யாரையும் தெரியாதாம். இதை ஸ்ரீதேவி சொல்லித்தான் அறிந்தேன், மோசஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையோடு ஏர்போர்ட்டுக்குப் போய் நீயே அவளை அழைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு, உன் அத்தா
காஜா மொய்தீன்