இறக்கத்தில் நியூட்ரல்

ஹோர்ன் அடிக்காமலே வாசலில் வந்து நிற்கும் என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கார் இப்போது அரைக் கார். அதன் கியர்பொக்ஸ் பின்வாசலில், பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல், துண்டு துண்டாகக் கிடக்கிறது. கராஜ் மெக்கானிக் நியாஸ் பாஸ் வந்து அதைக் கீழே இறக்கிக் கொடுத்தார். "உள்ளுக்குக் கை வைக்கிறது நம்ம வேலையில்ல தங்கச்சி, தானா மாறுற ஓட்டோ கியர் வேற சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கை வைத்தேன். நீங்கள் போன பிறகு சக்கரத்தைச் சுற்றிப் புல் வளர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கையேட்டை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே பரப்பினேன். வால்வுகள் இருக்கும் பகுதியைத் திறந்ததும் மிளகளவு இரும்புக் குண்டுகள் உருண்டன. எது எந்தக் குழியில் இருந்தது என்பது மாறக்கூடாது. அம்மாவின் இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒன்றாக வைத்தேன்.

"அடியே, நாளைக்கி நான் மாவ எதுல ஊத்துறது?"

"நாளைக்கி ரொட்டி சுடுங்கம்மா."

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

இந்தப் பெட்டிக்குள் கிளச் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றிலும் இரும்புத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பின்னால் போவதற்கான அடுக்கு புதிது போல இருந்தது. முன்னால் போகும்போது பிடிக்கிற அடுக்கு மட்டும் கருகியிருந்தது. விரல் பட்டதும் மேற்பூச்சு கரியாக உதிர்ந்தது. இரும்பு நீலம் பாரித்திருந்தது. கையேட்டில் பழுதுகளுக்குக் காரணம் சொல்லும் பக்கத்தைப் புரட்டினேன். வேகமாக உருளும் காரை நியூட்ரலிலிருந்து மறுபடி டிரைவுக்குத் தள்ளினால் இப்படி எரியும் என்று இருந்தது.

அது நான், அப்பா.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். காலையில் இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு வேலைக்கு இறங்கும்போது, இறக்கம் முழுக்க நியூட்ரலில் விடுவேன். சமதரை வந்ததும் டிரைவுக்குத் தள்ளுவேன். அப்படிச் செய்தால் பெற்றோல் மிச்சம் என்று எங்கோ படித்திருந்தேன். ஒருநாள் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

"எறக்கத்துல கியர எடுக்காதம்மா."

"இது உங்க தேயிலக் கொழுந்து லொறி இல்லப்பா. நான் படிச்சிட்டுத்தான் செய்றேன்."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் உங்கள் கையில் நின்றது. ஏற்றத்தில் என்ஜின் கத்தியதாம், சக்கரம் நகரவில்லையாம். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளினார்களாம். மறுநாள் கராஜில் நியாஸ் பாஸ் எண்ணெயை மோந்து பார்த்தார்.

"லொறிக் கை அண்ணே உங்களுக்கு! கியர் மாத்தத் தேவையில்லாத காருலயும் கியர் தேடி ஆட்டியிருக்கீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரில் தொங்கிய கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ஆமா பாஸ், பழகுன கை சும்மா இருக்குமா?" என்றீர்கள்.

நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? காரணம் அன்று எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்தேன். தெரியாதவள் ஏன் கலண்டரைப் பார்த்தாள்?

கார் திருத்தப்படாமலே வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அதன்பின் நீங்கள் எந்தக் காரின் சாவியையும் தொடவில்லை. கிளினிக்குக்கும் பஸ்ஸில்தான் போனீர்கள். உங்கள் மரண வீட்டில்கூட மாமா அந்தக் கதையைச் சொன்னார். "தோட்டத்து ரோட்டுல ஒரு கீறல் வுழாம லொறி ஓட்டுன மனுசன், கடைசியில ஒரு ஓட்டோ காருகிட்ட தோத்துட்டாரு." பாசத்தோடுதான் சொன்னார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். சீனி போதுமா மாமா என்று கேட்டேன்.

நேற்று அந்தக் கருகிய தட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் நான் அவரத்தானேடி ஏசினேன்."

பிறகு தட்டை என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இன்று காலை தட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன். ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்தே போனேன். காரைக் கெடுத்தது அப்பா இல்லை, நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்ப அண்ணன் ஏன் ஆமான்னு சொன்னாரு?" என்றார் நியாஸ் பாஸ்.

"நான் பக்கத்துல நின்னேனே பாஸ்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கதய நான் எத்தன பேருக்குச் சொல்லிட்டேன், தங்கச்சி" என்றார்.

எத்தனை பேர் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத நான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுவது அதனால்தான்.

புதுத் தட்டுகள் வந்ததும் எண்ணெயில் ஊறவைத்து, கடைசியாகக் கழற்றியதிலிருந்து பூட்டத் தொடங்குவேன். கார் ஓடினால், அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மாத்தளை வரைக்கும் இறங்குவேன். இறக்கத்தில் கியரை எடுக்க மாட்டேன். ஓடாமல் போனால், இதைக் கெடுத்தது யார் என்று யாராவது கேட்பார்கள். அப்போது நான் கலண்டரைப் பார்க்க மாட்டேன், அப்பா.

இப்படிக்கு,
கொழுந்து லொறிக்காரரின் மூத்த மகள்
கௌரி