ஒப்புதல் படிவத்தில் ஒரு திருத்தம்

இன்று காலை அகராதியைப் பிரித்ததும் உன் மூக்குப்பொடி நெடி. நீ போய் மூன்று வருடமாகியும் சில பக்கங்கள் தும்ம வைக்கின்றன.

ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனி, தன் செயலியில் 'எக்ஸ்ப்ளோர்' என்ற பொத்தானுக்குப் பத்து எழுத்துக்குள் தமிழ் கேட்கிறது. அழுத்தினால் செருப்புக் கடைகள் வரும்.

அந்தச் சொல்லோடு நமக்குப் பழைய பகை. ரிச்சர்ட்ஸ் டவுன் மாடி அறையில் பாடப்புத்தகம் மொழிபெயர்த்த காலத்தில், கப்பலேறி வந்த 'எக்ஸ்ப்ளோரர்'களையெல்லாம் 'நாடுகளைக் கண்டுபிடித்தவர்கள்' என்று எழுதினேன். "அங்க இருந்தவங்க என்ன காணாமலா போயிருந்தாங்க?" என்று அடித்துவிட்டாய். லத்தீன் வேரைத் தோண்டியவனும் நீதான். 'வெளியே' என்று ஒரு துண்டு, 'கூவி அழுதல்' என்று இன்னொன்று. வேட்டைக்காரர்கள் புதரைச் சுற்றிக் கத்தி, உள்ளே இருப்பதைக் கிளப்பினார்களாம். அகராதியே 'இருக்கலாம்' என்று போட்டு நழுவுகிறது. உனக்கு அது போதும். "தேடப் போறவன் மொதல்ல கத்தணும் மச்சா. நீ வாயே தெறக்க மாட்டே."

பிறகு அதே சொல் 'எக்ஸ்ப்ளோரேட்டரி சர்ஜரி' என்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. உன் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதியில், நம்மைப் போல் எவனோ ஒரு பாவி 'கண்டுபிடிப்பு அறுவை' என்று எழுதியிருந்தான். நீ தலையணைக்கடியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து வட்டம் போட்டாய்.

"தப்பு இருக்கற காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார், பேக சைன் மாடி," என்று சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினாள் நர்ஸ்.

"ரெண்டு கெழங்களுக்கும் இப்பதான் ப்ரூஃப் பாக்கணுமா?" என்றாள் உன் மனைவி.

நீ 'திறந்து பார்த்தல்' என்றாய். நான் 'ஆய்வறுவை' என்றேன். அதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று வேறு வாதாடினேன். நீ எழுந்து வருவது சந்தேகம் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். கையில் அரை மணி நேரம் இருந்தது. அதை இப்படிச் செலவழித்தேன். உனக்கும் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் உன் சொல்லையே எழுதிக் கையெழுத்திட்டாய். லிஃப்ட் கதவு மூடும்போது, "இன்னும் சரியா உக்காரல. வந்து பேசிக்கலாம்" என்றாய். நான் தலையாட்டினேன்.

பொத்தானுக்கு 'தேடிப் பார்' என்று அனுப்பிவிட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். சண்டை போட ஆளில்லாததால் சொற்கள் இப்போதெல்லாம் சுலபமாக முடிந்துவிடுகின்றன.

நீ சொன்னது சரி. அந்தக் கதவு மூடும்போது உன் பெயரைச் சொல்லி ஒருமுறை கத்தியிருக்க வேண்டும். அந்தச் சத்தம் இன்னும் தொண்டையில் இருக்கிறது. அகராதியைத் திறக்கும்போதெல்லாம் மேலே வருகிறது. யாராவது கேட்டால் தும்மல் என்கிறேன்.